பெயரில்லாப் பாட்டும் பெயர் கேட்கும் செய்தியும்

செய்திக்குப் பெயர் வேண்டும். சொன்னவர் யார், எந்த ஊர், என்ன வயது, எப்போது சொன்னார் என்று கேட்டு எழுதிக்கொள்ளாத நிருபரை எந்தப் பத்திரிகை ஆசிரியரும் நெடுநாள் வைத்துக்கொள்ள மாட்டார். பெண்கள் தங்களுக்குள் பாடிவந்த பாட்டுக்கோ பல இடங்களில் பெயர்தான் ஆபத்து. கட்டியவள் இன்னாள் என்று தெரிந்துவிட்டால் அடி விழும்; சில வீடுகளில் உயிரே போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று வேலை செய்த ஒருவரைப் பற்றி எழுத நினைக்கிறேன். எலைசா கிரிஸ்வோல்ட், அமெரிக்கக் கவிஞர், பத்திரிகையாளர்.

அவர் வாங்கிய விருதுகளை வரிசைப்படுத்துவது எளிது. அவை வரும் இடத்தில் வரட்டும். என்னைப் பல ஆண்டுகளாக உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி வேறு. தன் பெயரைச் சொல்ல முடியாத பெண்ணின் சொல்லை, அட்டையில் தன் பெயர் அச்சாகும் இன்னொரு பெண் எப்படிச் சுமந்து வருவது? அப்படிச் சுமப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

கிரிஸ்வோல்ட் 1973இல் பிறந்தவர். தந்தை ஃபிராங்க் கிரிஸ்வோல்ட் 1998 முதல் 2006 வரை அமெரிக்க எபிஸ்கோபல் திருச்சபையின் தலைமைப் பேராயராக இருந்தவர். தன்பால் ஈர்ப்பாளர் என்பதை மறைக்காமல் வாழ்ந்த ஜீன் ராபின்சனை 2003இல் ஆயராகத் திருநிலைப்படுத்தும் சடங்கை நடத்திவைத்தவர் அவர்தான். அந்த முடிவால் உலக ஆங்கிலிக்கன் சபையே பிளவின் விளிம்புக்குப் போனது. ஆக, மதம் மகளுக்கு ஏட்டில் படித்த விஷயமாக இருக்கவில்லை. வீட்டில் நடந்த வேலையாக இருந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்தார். 2001 செப்டம்பருக்குப் பிறகு அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் கூட்டம் கூட்டமாக ஆப்கானிஸ்தானுக்கும் பாகிஸ்தானுக்கும் போனார்கள். அவரும் போனார். பாகிஸ்தானின் வஜீரிஸ்தான் பகுதியைப் பற்றி ‘நியூயார்க்கர்’ இதழில் எழுதிய கட்டுரைக்கு 2004இல் புலனாய்வுச் செய்திக்கான விருது கிடைத்தது.

2007இல் முதல் கவிதைத் தொகுப்பு ‘வைட்அவேக் ஃபீல்டு’ வெளியானது. 2010இல் ‘தி டென்த் பேரலல்’ வந்தது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்தாவது அட்சரேகையை ஒட்டி நைஜீரியா, சூடான், சோமாலியா, இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ் என்று ஏழு ஆண்டுகள் அலைந்து எழுதிய நூல் அது. கிறித்தவமும் இஸ்லாமும் முட்டிக்கொள்ளும் இடங்களில், மதச்சண்டை என்று வெளியுலகம் பேர் வைத்துவிட்ட பலவற்றுக்கு அடியில் நிலமும் நீரும் மேய்ச்சலும் எண்ணெயும் கிடப்பதை அந்த நூல் காட்டுகிறது. பாலைவனம் தெற்கே நகர, மாட்டுக்காரர்களும் உழவர்களும் ஒரே நிலத்துக்கு வந்து நிற்கிறார்கள். பிறகு அவரவர் கடவுள் வந்து நிற்கிறார். பெரிய சொற்களுக்கு அடியில் இருக்கும் சின்னப் பொருள்களைத் தேடும் இந்தக் கண்தான் அடுத்து அவரை இரண்டடிப் பாட்டுகளிடம் கொண்டுபோனது.

பஷ்தோ மொழியில் அந்தப் பாட்டுக்கு ‘லண்டை’ என்று பெயர். குட்டையான நச்சுப் பாம்பு என்பது பொருள். மொத்தமே இருபத்திரண்டு அசை. முதல் அடியில் ஒன்பது, இரண்டாவதில் பதின்மூன்று. (நம் நேரசை, நிரையசைக் கணக்கு இல்லை இது, ஓர் உயிரொலிக்கு ஓர் அசை.) எதுகை கட்டாயமில்லை. இரண்டாம் அடி ‘மா’ அல்லது ‘னா’ என்ற ஒலியில் முடியும். காதல், பிரிவு, துயரம், போர், தாய்மண் ஆகிய ஐந்தைச் சுற்றியே பாடுபொருள் அமையும். ஆண்களும் பாடுவதுண்டு. ஆனால் பாட்டுக்குள் பேசுவது பெரும்பாலும் பெண்தான். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பாதுகாத்து வந்த வடிவம் இது. கிணற்றடியிலும் கல்யாண வீட்டிலும் கையால் தட்டும் பறையோடு பாடியது. 1996க்கும் 2001க்கும் இடையில் தாலிபான் இசையைத் தடை செய்தபோது அந்தப் பறையும் சேர்ந்தே அடங்கியது.

லண்டையில் வரும் பெண் நாம் செய்திப்படங்களில் பார்த்த முக்காடிட்ட ஊமை உருவம் இல்லை. கிழவனுக்குக் கட்டிவைத்ததைக் கேலி செய்கிறாள். காதலன் போர்க்களத்திலிருந்து ஓடிவந்தால் முத்தமில்லை என்கிறாள். உடலைப் பற்றி, படுக்கையைப் பற்றி வெட்டவெளிச்சமாகப் பேசுகிறாள். ஆங்கிலேயரைத் திட்டிய பழைய பாட்டில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி ரஷ்யரைத் திட்டுகிறாள். இன்னொரு தலைமுறை அதையே அமெரிக்கருக்கு மாற்றிக்கொள்கிறது. 1880இல் மைவந்த் போரில் மலாலை என்ற பெண் லண்டை பாடிப் படையைத் திருப்பி நிறுத்தினாள் என்பது பஷ்தூன்கள் சொல்லிவரும் கதை. அந்த மலாலையின் பெயரைத்தான் நம் காலத்து மலாலா தாங்கி நிற்கிறார். பின்னர் டிரோனும் ஃபேஸ்புக்கும்கூட லண்டைக்குள் வந்துவிட்டன.

இந்தப் பாட்டுகளை முதலில் தொகுத்தவர் கிரிஸ்வோல்ட் இல்லை. காபூல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆப்கானியக் கவிஞரும் அறிஞருமான சையத் பஹோதின் மஜ்ரூஹ், சோவியத் படையெடுப்புக் காலத்தில் பெஷாவரில் அகதியாக இருந்தபோதும் லண்டைகளைச் சேகரித்தார். 1988இல் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தொகுப்பு பிரெஞ்சில் வந்து, பிறகு ஆங்கிலத்துக்கும் போனது. பாட்டைக் கட்டிய பெண்களுக்குப் பெயரில்லை. அதைத் தொகுத்த ஆணுக்குப் பெயரிருந்தது. அவரைக் கொல்ல அந்தப் பெயர் போதுமானதாக இருந்தது.

காபூலில் ‘மிர்மன் பஹீர்’ என்ற பெண்கள் இலக்கிய அமைப்பு இயங்கியது. தலைநகரில் இருந்த பெண்கள் கூட்டத்துக்கு நேரில் வந்தார்கள். மாகாணங்களில் வீட்டைவிட்டு வெளியே வர முடியாத பெண்கள் தொலைபேசியில் கூப்பிட்டுத் தங்கள் கவிதையைச் சொன்னார்கள். இந்தப் பக்கம் ஒருத்தி கேட்டு எழுதிக்கொள்வாள். அப்படி ஹெல்மண்ட் மாகாணத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் 2010 வசந்த காலத்தில் கந்தஹார் மருத்துவமனையின் படுக்கையிலிருந்து கூப்பிட்டாள். தனக்குத் தானே தீ வைத்துக்கொண்டதாகச் சொன்னாள். அவள் கவிதை எழுதுவதைக் கண்டுபிடித்த அண்ணன் தம்பிகள் அவளை அடித்திருந்தார்கள். கொஞ்ச நாளில் இறந்துபோனாள்.

அவள் புனைபெயரில் ‘முஸ்கா’ என்ற சொல் இருந்தது. பஷ்தோவில் புன்னகை என்று பொருள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவள். வானொலி கேட்டும் மற்றப் பெண்களிடமிருந்தும் கவிதை கற்றுக்கொண்டவள். இந்த இறப்பை விசாரிக்கத்தான் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழின் சார்பில் கிரிஸ்வோல்டும் புகைப்படக்காரர் ஷேமஸ் மர்ஃபியும் ஆப்கானிஸ்தான் போனார்கள். புனைபெயர் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, போர் நடக்கும் மாகாணத்தில், இறந்துபோன ஒரு சிறுபெண்ணின் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளூர்த் தொண்டு நிறுவனம் ஒன்றின் துணையோடு கண்டுபிடித்தார்கள்.

அங்கே வேறொரு கதை இருந்தது. தோழிகளுக்கு அவள் கவிதைக்காக இறந்தவள். வீட்டார் அதை விபத்து என்றார்கள். நிச்சயித்தவனின் குடும்பத்தால் பெண்ணுக்குரிய பணத்தைக் கொடுக்க முடியாமல் திருமணம் தடைப்பட்டிருந்தது என்பதும் தெரியவந்தது. 2012 ஏப்ரலில் வந்த கட்டுரை இதையெல்லாம் அப்படியே வைத்தது. தியாகியாக மட்டும் அவளை நிறுத்தியிருந்தால் வாசகர்களின் கண்ணீர் இன்னும் எளிதாகக் கிடைத்திருக்கும். ஒரு பெண் சாவதற்கு ஒரே காரணம் இருக்கத் தேவையில்லை, கவிதையும் கல்யாணமும் பணமும் ஆண்களின் மானமும் ஒரே வீட்டுக்குள்தான் இருக்கின்றன என்பதைக் காட்ட அந்த நிருபரின் நிதானம் வேண்டியிருந்தது. இதைப் பத்திரிகைத் தொழில் அவருக்குக் கொடுத்த நேர்மை என்று கருதுகிறேன்.

அதே தொழில் இன்னொன்றையும் செய்தது. அவளுடைய உண்மைப் பெயரை அச்சில் கொண்டுவந்தது. அதை நான் இங்கே எழுதவில்லை. பெற்றவர்கள் வைத்த பெயரை ஒளித்து, தனக்கென்று ஒரு பெயரைத் தேர்ந்துகொண்டவள் அவள். எத்தனையோ விஷயங்களில் முடிவெடுக்க விடப்படாத ஒருத்தி தானே எடுத்த முடிவு அது. இறந்தவளிடம் அனுமதி கேட்க முடியாது. சரிபார்க்கக்கூடிய பெயர் இல்லையென்றால் செய்தி வதந்தியாகிவிடும் என்பதும் உண்மை. அப்படி வதந்தியாகிப் புதைந்துபோன பெண்களின் சாவுகள் கணக்கற்றவை. இரண்டு பக்கத்தையும் எடைபோட்ட பிறகும், புன்னகை என்ற பெயரோடு அவளை விட்டிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவள் கவிதைகள் என்ன ஆயின? அவளுடைய நோட்டுப் புத்தகங்களைத் தந்தை கிழித்துப் போட்டுவிட்டார். தொலைபேசியில் அவள் அடிக்கடி சொல்லிவந்த ஒரு லண்டை மட்டும் தோழிகளின் நினைவில் தங்கியது. அது அவள் எழுதியது இல்லை; யாரோ, எப்போதோ கட்டியது. யாருக்கும் உரிமையில்லாத பாட்டு என்பதால்தான் அதை யாராலும் அழிக்க முடியவில்லை என்கிறார் கிரிஸ்வோல்ட். அழகான எண்ணம்தான், ஆனால் அதில் ஆறுதல் அடைய என்னால் முடியவில்லை. பெயரில்லாமை பெண்களுக்கு ஒளிந்துகொள்ள இடம் தந்தது என்பது சரி. ஒளிந்துகொள்ளும் இடத்தை வீடு என்று கொண்டாடுவதில்தான் எனக்குத் தயக்கம். அந்தப் பெண் பாட்டோடு நிற்கவில்லை. அவள் நோட்டு வாங்கினாள், எழுதினாள், தனக்கு ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டாள், கூட்டத்துக்குத் தொலைபேசி செய்தாள். அவள் கேட்டது ஒரு கவிஞருக்கு உரிய இடம். எஞ்சியதோ எல்லோருக்கும் பொதுவான இரண்டடி. அவளுடையது எதுவுமில்லை.

ஹெராத் நகரத்து நாதியா அஞ்சுமனையும் இங்கே நினைக்க வேண்டும். தாலிபான் ஆட்சியில் ‘தங்க ஊசி’ என்ற பெயரில் நடந்த தையல் வகுப்புக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு இலக்கியம் படித்த பெண்களில் ஒருவர். பாரசீக மொழியில் எழுதினார். 2005இல் தன் பெயரைப் போட்டுத் தொகுப்பு வெளியிட்டார். அதே ஆண்டு நவம்பரில், இருபத்தைந்து வயது நிறைவதற்குள், கணவன் அடித்ததைத் தொடர்ந்து இறந்தார். பெயரை மறைத்தவளுக்கு நேர்ந்ததும் பெயரைப் போட்டவருக்கு நேர்ந்ததும் ஒன்றாகவே இருக்கிறது. ஆனால் அஞ்சுமனின் கவிதைகள் இன்று படிக்கக் கிடைக்கின்றன. அதைச் சிறிய வேறுபாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஹெல்மண்ட் பெண்ணைத் தேடிப்போன பயணம் ஒரு தேடலாக நீண்டது. கிரிஸ்வோல்டும் மர்ஃபியும் மறுபடி ஆப்கானிஸ்தான் போய், அகதி முகாம்களிலும் வீடுகளிலும் திருமணங்களிலும் லண்டைகளைச் சேகரித்தார்கள். சொன்ன பெண்களில் பலருக்கு அந்தப் பாட்டு தன் வாயிலிருந்து வந்தது என்று தெரிவதே ஆபத்தாக இருந்தது. பஷ்தோ அறிந்தவர்கள் சொல்லுக்குச் சொல் பொருள் சொல்ல, அவர்களோடு உட்கார்ந்து ஆங்கிலத்தில் அமைத்தார். ‘பொயட்ரி’ இதழ் 2013 ஜூனில் தன் இதழ் முழுவதையும் இதற்குக் கொடுத்தது. ‘ஐ ஆம் தி பெக்கர் ஆஃப் தி வேர்ல்டு’ என்ற நூல் 2014இல் வந்தது. மறு ஆண்டு மொழிபெயர்ப்புக் கவிதைக்கான பென் விருதைப் பெற்றது. மூலத்தில் எதுகை அரிதாக இருந்தும் ஆங்கிலத்தில் பல இடங்களில் இயைபை வைத்தார். பாட்டாகக் கேட்டது பாட்டாகவே போய்ச் சேர வேண்டும் என்பது அதற்கு நியாயம். சில லண்டைகளைத் தமிழில் கொண்டுவர நான் முயன்றபோது, என்னிடம் இருப்பது பாம்பா, பாம்பு உரித்த சட்டையா என்ற ஐயத்தில் நிறுத்திவிட்டேன். பஷ்தோவின் ‘மா’, ‘னா’ முடிவுகள் பாடும் தொண்டையில் எப்படி ஒலிக்கும் என்று தெரியாமல் ஆங்கிலத்திலிருந்து எடுப்பது கைமாறிக் கைமாறி வந்த பொருளை மறுபடி விற்பது போல இருந்தது.

இங்கே ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. 2001 நவம்பரில் அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ் வானொலியில் பேசியபோது, ஆப்கானியப் பெண்களின் உரிமையைப் பயங்கரவாதத்துக்கு எதிரான போரோடு சேர்த்துவைத்தார். குண்டு போடுவதற்குப் பெண்ணின் கண்ணீரைக் காரணமாகக் காட்டும் வழக்கம் பேரரசுகளுக்குப் பழையது. அந்தப் போரை நடத்திய நாட்டிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், அந்தப் போர் மிதித்த நாட்டுப் பெண்களின் பாட்டைத் தொகுத்தால், அதுவும் அதே கைக்கு வலுச்சேர்க்காதா?

சேர்த்திருக்கும், அவர் பரிதாபத்துக்குரிய பாட்டுகளை மட்டும் பொறுக்கியிருந்தால். அந்த நூலில் அமெரிக்கர்கள் மேல் சாபம் விழுகிறது. டிரோன்கள் மேல் விழுகிறது. தாலிபான் மேலும், கணவன் மேலும், தகப்பன் மேலும் விழுகிறது. தன்னைக் காப்பாற்ற வந்ததாகச் சொல்பவனையும் அடிமைப்படுத்துபவனையும் ஒரே மூச்சில் கடிக்கும் பாம்பை அமெரிக்க வாசகரின் மேசையில் கொண்டுவந்து விட்டார். இரக்கத்தோடு புத்தகத்தைத் திறந்தவருக்கு அந்தக் கடி தேவைதான். ஆனால் அச்சிட்ட புத்தகத்தின் அட்டைக்குப் பெயர் வேண்டும், விருதுக்கும் பெயர் வேண்டும். அந்த இடத்தில் நின்றவை கிரிஸ்வோல்டின் பெயரும் மர்ஃபியின் பெயரும்தான். இதை அவருடைய குற்றமாகச் சொல்லவில்லை. புத்தகம் என்ற பொருளே அப்படிச் செய்யப்பட்டது. அதைக் கவனிக்காமல் கடந்துபோவதுதான் தவறு.

அதற்குப் பிறகு அவர் எழுதிய பெரிய நூல் சொந்த நாட்டைப் பற்றியது. பென்சில்வேனியா மாநிலத்தின் வாஷிங்டன் கவுண்டியில் அமிட்டி, பிராஸ்பரிட்டி என்று இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ‘நட்பு’, ‘செழிப்பு’ என்று நாம் சொல்லலாம். பாறையை உடைத்து எரிவாயு எடுக்கும் தொழில் அங்கே வந்தபோது, வீட்டுக்கு அருகில் கழிவுநீர்க் குட்டை அமைந்த ஒரு செவிலியரையும் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் சுமார் ஏழு ஆண்டுகள் தொடர்ந்தார். வளர்ப்பு விலங்குகள் செத்தன, மகன் நோய்வாய்ப்பட்டான், நிறுவனம் பொறுப்பை மறுத்தது. இந்தத் தொழில் தொடர்பான மாநிலச் சட்டத்தை எதிர்த்து வழக்கறிஞர் தம்பதி ஒன்றும் போராடியது. தூய காற்றுக்கும் நீருக்கும் மக்களுக்கு உரிமையுண்டு என்ற மாநில அரசியலமைப்புப் பிரிவைக் கொண்டு, அந்தச் சட்டத்தின் முக்கியமான பகுதிகளை 2013இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் செல்லாதாக்கியது. 2018இல் வந்த ‘அமிட்டி அண்ட் பிராஸ்பரிட்டி’ 2019இல் புலிட்சர் பரிசு பெற்றது.

லண்டை நூலுக்கு நேரெதிரான வேலை இது. இங்கே எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு: ஊருக்கு, தெருவுக்கு, நோய்க்கு, ஆடு நாய்க்குக்கூட. நீதிமன்றத்தில் நிற்கப் பெயரில்லாமல் முடியாது. அந்தத் தாய் தேதி போட்டுக் குறித்துவைத்தது, நினைவில் வைத்தது, சேர்த்துவைத்தது எல்லாம் சாட்சியமானது. பெயர் சொன்னதற்கு அவரும் விலை கொடுத்தார். அதே ஊரில் எரிவாயுப் பணத்தில் கடன் அடைத்த அக்கம்பக்கத்தார் எல்லோரும் அவர் பக்கம் நிற்கவில்லை. ஆனால் உயிரோடிருந்து, தன் விருப்பத்தோடு, முழுப் பெயரோடு பேசினார். ஹெல்மண்ட் பெண்ணுக்குக் கிடைக்காதது இதுதான். இரண்டு பேரில் ஒருத்தி துணிந்தவள், இன்னொருத்தி அஞ்சியவள் என்று இதற்குப் பொருளில்லை. பெயர் சொல்லிவிட்டு உயிரோடு வீடு திரும்பலாம் என்ற நம்பிக்கையைச் சட்டமும் தெருவும் கொடுத்தால்தான் பெண்ணால் பெயர் சொல்ல முடியும்.

2020இல் அவருடைய இரண்டாம் கவிதைத் தொகுப்பு ‘இஃப் மென், தென்’ வந்தது. 2024இல் வந்த ‘சர்க்கிள் ஆஃப் ஹோப்’ பிலடெல்பியாவில் ஒரு முற்போக்குத் திருச்சபை இனம், அதிகாரம் குறித்த சச்சரவில் உடைந்ததை உள்ளிருந்து பார்த்து எழுதியது. பேராயரின் மகள் மறுபடி சபைக்குள் வந்து உட்கார்ந்து கேட்ட நூல். அது தேசியப் புத்தக விருதின் இறுதிப் பட்டியலுக்குப் போனது.

அதே 2024 ஆகஸ்டில், மீண்டும் ஆட்சிக்கு வந்த தாலிபான், நன்னடத்தைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பெண்ணின் குரலும் மறைக்கப்பட வேண்டியது. பொது இடத்தில் அவள் பாடுவதும் உரக்க வாசிப்பதும் கூடாது என்கிறது அது. முகத்துக்கும் உடலுக்கும் போட்ட திரையை இப்போது ஒலிக்கும் போட்டிருக்கிறார்கள். எழுத்தறியாத பெண்களுக்கு மிஞ்சியிருந்தது பாட்டு; அதையும் வீட்டுச் சுவருக்குள் தள்ளிவிட்டார்கள்.

லண்டை இதையும் தாண்டி வாழும் என்று பலர் சொல்வார்கள். வாழக்கூடும். இருபத்திரண்டு அசையைத் தேடிப் பிடித்துக் கைது செய்ய எந்தக் காவலராலும் முடியாது. ஆனால் பாட்டு பிழைத்ததைக் காட்டி, பாடியவள் பிழைக்காததை நாம் மறந்துவிடக் கூடாது. அந்த நாட்டின் ஏதோ ஒரு வீட்டில் இன்று யாரோ ஒருத்தி நோட்டில் தன் பெயரை எழுதிப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து அடுப்பில் போடக்கூடும். கிரிஸ்வோல்ட் எழுதியதை வாசிக்கும்போது எனக்குத் தோன்றுவது, மிச்சமிருக்கும் பாட்டைவிட அந்தக் கிழிந்த பக்கத்துக்குத்தான் நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதே.